கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று பொருளா?

இன்றைய உரையை ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து தொடங்கலாம் என நினைக்கிறேன்.

சில காலத்துக்கு முன்னர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னோடு பேசினார். "தம்பி, எங்கடை அண்ணர் அந்தக் காலத்திலை ஒரு சிறுகதை எழுதினவர். ஒரே ஒரு கதைதான் அச்சிலை வந்தது. அந்தச் சஞ்சிகையை நான் பெட்டிக்குள்ளை பத்திரமா வைச்சிருந்தனான். தொண்ணூற்றைந்திலை இடம்பெயரேக்கை எல்லாம் போட்டுது. இப்ப பழைய சஞ்சிகையள் எல்லாம் கம்பியூட்டரிலை இருக்குதாமே, ஒருக்கால் தேடித் தரமாட்டியளோ?" என்று கேட்டார்.

அண்ணர் காலமாகிப் பல ஆண்டுகள். அவருடைய எழுத்தென்று வீட்டில் ஒரு துண்டுக் கடதாசி கூட எஞ்சவில்லை. "ரீச்சர், ஒரு அரை மணித்தியாலம் தாருங்கோ" என்று நான் மிகுந்த நம்பிக்கையோடு சொன்னேன். கணனியைத் திறந்தேன். அவர் குறிப்பிட்ட சஞ்சிகை ஓர் இணைய நூலகத்தில் இருந்தது. தேடற் பெட்டியில் அண்ணரின் முழுப்பெயரை எழுதினேன். பதில் எதுவும் இல்லை. பெயரை முதலெழுத்தோடு சுருக்கி எழுதினேன். அதே பெயர் கொண்ட வேறொருவர் எழுதிய சைவசமயக் கட்டுரைகள் வரிசையாக வந்து நின்றன. ரீச்சர் சொன்ன கதைத் தலைப்பை எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. அரை மணித்தியாலம் கழிந்தது. "கிடைக்கேல்லை ரீச்சர்" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் மௌனம். பிறகு, "அப்ப அது இல்லைப் போலை" என்றார்.

இந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். "கிடைக்கவில்லை" என்று நான் சொன்னேன். "இல்லை" என்று அவர் விளங்கிக்கொண்டார். இரண்டும் ஒன்றா? இணைய நூலகங்களில் தேடுகின்ற எவரும் முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

இன்று தமிழில் இத்தகைய நூலகங்களுக்குக் குறைவில்லை. பழந்தமிழ் நூல்களின் பாடங்களை மின்வடிவில் தருகின்ற மதுரைத் திட்டம் 1998 ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று ஆரம்பமானது. இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் ஆகியவற்றைப் பேணும் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் 2005 ஆம் ஆண்டு தொடங்கிற்று. வீட்டில் இருந்தபடியே 'மல்லிகை'யையும் 'ஈழகேசரி'யையும் புரட்டலாம் என்பது, பத்திரிகை நறுக்குகளைத் தேடிக் கொழும்புக்கும் கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலைந்த எம்மைப் போன்றோருக்குப் பெரும்பேறு என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் முன்னைய நூலகத்தில் ஒரு நூலகர் இருந்தார். "மஹாகவியின் கவிதைகள் வேண்டும்" என்றால், "உருத்திரமூர்த்தி என்றும் போட்டிருக்கும், இரண்டு இடத்திலும் பாருங்கள்" என்று அவர் சொல்லுவார். இரசிகமணி கனக. செந்திநாதன் போன்றோரிடம் போனால், எந்தச் சஞ்சிகையில் எவர் எந்தப் புனைபெயரில் எழுதினார் என்பதை நினைவிலிருந்தே எடுத்துத் தந்திருப்பார்கள். தேடற் பெட்டிக்கு இந்த ஞானம் எதுவுமே கிடையாது. நாம் எழுதிய எழுத்துகள் தன்னிடம் உள்ள எழுத்துகளோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே பெரும்பாலும் அதன் வேலை. பொருந்தினால் தரும், பொருந்தாவிட்டால் பூச்சியம் என்று காட்டும்.

அப்படியானால் அதனிடம் உள்ள எழுத்துகள் எவை? இங்கேதான் பலர் ஏமாந்து போகின்றனர். இணைய நூலகத்தில் உள்ள பழைய சஞ்சிகையின் பக்கம் அநேகமாக ஒரு புகைப்படமே. அதிலே நாம் எழுத்துகளைக் காண்கிறோம். கணனியோ கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகளை மட்டுமே காண்கிறது. அந்தப் படத்தை எழுத்தாக வாசித்துத் தரும் மென்பொருள்கள் தமிழுக்கும் வந்துவிட்டன. ஆயினும் மை மங்கிய தாள்களிலும், எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய லை, னை, றா, னா போன்ற பழைய வடிவங்களிலும் அவை தடுமாறுகின்றன. இவ்வாறு வாசிக்கப்படாத ஒரு சஞ்சிகையைத் தேடும்போது நாம் உண்மையில் தேடுவது அச்சஞ்சிகையை அல்ல. அதனைப் பட்டியலிட்ட ஒருவர் அதைப் பற்றி எழுதி வைத்த சில வரிகளையே. தலைப்பு, ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள், சில வேளைகளில் உள்ளடக்கம். அவ்வளவுதான்.

ஆகவே நல்ல தேடலின் முதல் விதியை இப்படிச் சொல்லலாம். நாம் எந்தச் சொல்லை நினைக்கிறோம் என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பட்டியலிட்டவர் எந்தச் சொல்லை எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெயர்களை எடுத்துக்கொள்வோம். ஈழத்து இலக்கிய உலகில் மூன்று சிவஞானசுந்தரங்கள் உண்டு. த. சிவஞானசுந்தரம் என்பவர் 'வெள்ளிப் பாதசரம்' தந்த இலங்கையர்கோன். செ. சிவஞானசுந்தரம் என்பவர் 'மலைக்கொழுந்து' நாவலை எழுதிய பேராசிரியர் நந்தி. சி. சிவஞானசுந்தரம் என்பவர் 'சிரித்திரன்' ஆசிரியர் சுந்தர். சிவஞானசுந்தரம் என்று மட்டும் எழுதித் தேடுபவர் ஒருவருடைய எழுத்தை இன்னொருவர் கணக்கில் வைத்துவிடலாம். நந்தி என்று மட்டும் தேடுபவருக்கோ கோயில் நந்தியும் வந்து சேரும். ஆகவே இயற்பெயர், முதலெழுத்து, புனைபெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடுவதே பாதுகாப்பானது.

எஸ்.பொ. என்பதை எத்தனை விதமாக எழுதலாம்? புள்ளியோடும், புள்ளியின்றியும், நடுவில் இடைவெளி விட்டும், எஸ். பொன்னுத்துரை என்று விரித்தும் எழுதலாம். எமக்கு இவை யாவும் ஒருவரே. கணனிக்கு இவை தனித்தனி ஆட்களாகிவிடக் கூடும்.

1885 இல் வெளிவந்த சித்திலெப்பையின் நாவலையும் பாருங்கள். 'அசன்பேயுடைய கதை' என்பார் ஒருவர், 'அஸன்பே சரித்திரம்' என்பார் மற்றொருவர். ஆசிரியர் பெயரோ சித்திலெப்பை, சித்தி லெப்பை, சித்திலெவ்வை, ஸித்தி லெப்பை எனப் பலவாறாக வழங்குகிறது. ஸ வும் ச வும், ஹ வும் க வும், ஜ வும் ச வும் மாறி மாறி வருகின்ற மொழி எங்களுடையது. மஹாகவி என்று தேடிவிட்டு மகாகவி என்று தேடாமல் விட்டால் பாதி வேலைதான் செய்தோம் என்று பொருள். ஊருக்கு ஊர் வழக்கும் வேறு. நாங்கள் கணனி என்று எழுதப் பழகினோம், தமிழகத்தார் கணினி என்கின்றனர். நாங்கள் விபரம் என்போம், அவர்கள் விவரம் என்பார்கள். தமிழகத்துப் பட்டியலில் தேடும்போது தமிழகத்தார் போல எழுதுவதில் குறைவொன்றும் இல்லை.

இன்னொரு சங்கடம், தமிழ்ச் சொல்லின் ஈறு. யாழ்ப்பாணம் என்பது யாழ்ப்பாணத்தில், யாழ்ப்பாணத்து, யாழ்ப்பாணக் என்றெல்லாம் உருமாறும். முழுச்சொல்லைக் கொடுத்தால் அந்த உருவத்தை மட்டுமே தருகின்ற தேடற் பெட்டிகள் பல. யாழ்ப்பாண என்ற அளவில் நிறுத்தி, அதனோடு உடுக்குறி எனப்படும் நட்சத்திர அடையாளத்தை இட்டால், அதனை ஏற்கின்ற தளங்களில் எல்லா உருவங்களும் வரும். 'தமிழ்க் கவிதை', 'தமிழ் கவிதை', 'தமிழ்க்கவிதை' என ஒற்றும் இடைவெளியும் படுத்தும் பாட்டையும் மறந்துவிடக் கூடாது. மேற்கோட்குறிக்குள் ஒரு தொடரை இட்டுத் தேடினால் அச்சொட்டாக அத்தொடர் மட்டுமே வரும். தலைப்பு உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அம்முறையைக் கையாளுங்கள். ஞாபகத்தை நம்பிக் குறியிட்டால் கதவை நாமே சாத்திக்கொண்டவர்களாவோம்.

கண்ணுக்குத் தெரியாத தவறுகளும் உண்டு. ஔவையார் என்பதன் முதலெழுத்து ஒரே எழுத்து. ஆனால் ஒ என்பதையும் ள என்பதையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று எழுதி வைப்போர் பலர். தாளில் இரண்டும் ஒன்று போலவே தோன்றும். கணனிக்கு இவை வெவ்வேறு சொற்கள். இதைவிட விசித்திரம் பழைய எழுத்துருக்களின் கதை. எங்கள் நாட்டில் பலகாலம் பாமினி என்னும் எழுத்துருவிலேயே நூல்களும் மலர்களும் அச்சுக்குத் தயாராயின. பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால், கணனியின் உள்ளே பதிவாவது ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அந்த எழுத்துருவின் வேடத்தை அணிந்தால்தான் அது தமிழாகத் தெரியும். அத்தகைய கோப்பில், இன்று நாம் பாவிக்கும் ஒருங்குறியில் 'தமிழ்' என்று எழுதித் தேடினால் எப்படி அகப்படும்? அச்சிட்டால் அழகான தமிழ், தேடினால் வெறுமை. உங்கள் வீட்டுக் கணனியில் உள்ள பழைய கட்டுரைகள் தேடலில் வராமற் போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் செயலிகள் உண்டு. மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இத்தனை தடைகளையும் தாண்டித் தேடுவது எப்படி?

முதலில், குறைவான சொற்களோடு தொடங்குங்கள். ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, சஞ்சிகை என்று தெரிந்ததை எல்லாம் ஒரே மூச்சில் எழுதினால், அவற்றில் ஒன்று பிழைத்தாலும் தேடல் முழுவதும் பிழைத்துப் போகக் கூடும். ஒரே ஒரு சொல் போதும். ஆனால் அது அரிய சொல்லாக இருக்கட்டும். 'கவிதை' என்று தேடினால் ஆயிரம் வரும். 'குறும்பா' என்று தேடினால் மஹாகவி வந்து நிற்பார்.

இரண்டாவது, தேடியது வராமல் அதற்கு அண்மையான ஒன்று வந்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பதிவைத் திறந்து, பட்டியலிட்டவர் பெயரை எப்படி எழுதியிருக்கிறார், எந்த வகைக்குள் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பின்பு அவருடைய சொல்லையே எடுத்துக்கொண்டு மீண்டும் தேடுங்கள். அச்சில் வந்த நூற்பட்டியல்களும் இதற்குப் பெரிதும் உதவும். என். செல்வராஜா அவர்கள் 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வரும் 'நூல்தேட்டம்' ஈழத்துத் தமிழ் நூல்களின் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் தருவது. அதில் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தேடப் போனால் பாதி அலைச்சல் குறையும்.

மூன்றாவது, தேடற் பெட்டியை விட்டுவிட்டு அடுக்கின் அருகே போங்கள். இணைய நூலகத்திலும் அடுக்குகள் உண்டு. 'நூலகம்' தளத்தில் ஒரு சஞ்சிகையின் பெயருக்குள் நுழைந்தால் அதன் இதழ்கள் ஆண்டு, மாதம், இதழ் இலக்கம் என்ற ஒழுங்கில் நிற்கும். எந்த ஆண்டு என்று தெரிந்துவிட்டால் பன்னிரண்டு இதழ்களைப் புரட்டுவது பெரிய காரியமா? பெயர் பிழைக்கலாம், தலைப்பு பிழைக்கலாம், காலம் அவ்வளவு இலகுவில் பிழைப்பதில்லை.

நான்காவது, எந்தச் சொல்லால் எங்கே தேடினோம் என்பதைக் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கதவுகளை மீண்டும் தட்டாமல் இருக்கலாம். நூலகங்களிலும் நாள்தோறும் புதியன சேர்கின்றன. நேற்றுக் கிடைக்காதது நாளை கிடைக்கலாம்.

புகைப்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் தேடுவோருக்கு மேலும் ஒரு சொல். சஞ்சிகைக்காவது தலைப்பு உண்டு. படத்துக்கு அதுவும் இல்லை. ஒரு நாடக மேடைப் படத்தில் ஐந்து நடிகர்கள் நிற்பார்கள். பட்டியலிட்டவருக்கு ஒருவரை மட்டுமே தெரிந்திருந்தால், மற்ற நால்வரையும் பெயர் சொல்லித் தேடிப் பயனில்லை. நாடகத்தின் பெயர், அரங்கேறிய மண்டபம், நெறியாளர், ஆண்டு என்று சுற்றிவரத் தேட வேண்டும்.

இதையெல்லாம் ஏன் இத்துணை விரிவாகச் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். வெறும் கணனிப் பாடமாக இருந்தால் இந்த நிகழ்ச்சியில் அதற்கு இடமில்லை. இலக்கிய வரலாறு எழுதும் இளந்தலைமுறையினர் இன்று முதலில் நாடுவது தேடற் பெட்டியைத்தான். அதிலே வராத ஒருவரை அவர்கள் எழுதாதவராகவே கொள்ளும் ஆபத்து உண்டு. "அக்காலத்தில் பெண்கள் சிறுகதை எழுதவில்லை", "அந்தப் பகுதியிலிருந்து எவரும் எழுதவில்லை" என்று ஒரு வசனம் ஆய்வேட்டில் ஏறிவிட்டால், அதை இறக்குவது சுலபமல்ல. புனைபெயருக்குள் மறைந்து எழுதிய பெண்கள் எத்தனை பேர்? தோட்டப்புறத்திலிருந்து ஊர்ப்பெயரை மட்டும் போட்டு எழுதியவர்கள் எத்தனை பேர்? பட்டியலில் இவர்கள் எந்தப் பெயரில் நிற்கிறார்களோ, யார் கண்டது!

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதன் பின்னர் ஒரு நூல் அகப்படாவிட்டால், "எரிந்திருக்கும்" என்று சொல்லி ஆறுதலடைய நாங்கள் பழகிவிட்டோம். பல வேளைகளில் அது உண்மையே. ஆனால் எரியாமல் தப்பி, யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் கிடந்து, தொண்டர்கள் கையால் பக்கம் பக்கமாகப் படமாக்கப்பட்டு இணையத்தில் ஏறிய ஒரு சஞ்சிகையை, ஓர் எழுத்துப் பிழைக்காக "இல்லை" என்று நாமே சொல்லிவிடலாமா?

இனி ரீச்சரின் கதைக்கு வருகிறேன். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மறுநாள் நானே அழைத்தேன். பெயரையும் தலைப்பையும் விட்டுவிட்டு, "எந்த வருஷம் ரீச்சர்?" என்று கேட்டேன். அவருக்கு ஞாபகமில்லை. "அந்த நேரம் நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?" என்றேன். உடனே பதில் வந்தது. "எனக்கு முதல் நியமனம் ஹற்றனிலை. தீபாவளி லீவுக்கு வரேக்கைதான் அண்ணர் புத்தகத்தைக் காட்டினவர்." நியமனக் கடிதம் 1967 ஆம் ஆண்டுக்குரியது. ஆகவே அந்த ஆண்டுத் தீபாவளிக்கு முன் வந்த இதழாக இருக்க வேண்டும்.

ஒக்ரோபர் இதழைத் திறந்து உள்ளடக்கத்தில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் வாசித்தேன். இல்லை என்றார். செப்ரெம்பர் இதழில் ஏழாவது பெயரை வாசித்தபோது, "நில்லுங்கோ தம்பி, அது எங்கடை அம்மாவின்ரை பெயர்" என்றார். தாயின் பெயரோடு மைந்தன் என்ற சொல்லைச் சேர்த்து அண்ணர் புனைபெயராக வைத்திருக்கிறார். ஐம்பதாண்டுகளுக்கு மேலாக அதை ரீச்சர் மறந்திருந்தார். தலைப்பும் அவர் சொன்ன தலைப்பல்ல. அவர் சொன்னது கதையின் நாயகியின் பெயர்.

அந்த நான்கு பக்கங்களையும் அச்செடுத்து அனுப்பினேன். ஒரு கிழமை கழித்து அழைத்தார். "வாசிச்சனான் தம்பி. முடிவு நான் நினைச்சிருந்த மாதிரி இல்லை. அவள் கடைசியிலை வீட்டுக்குத் திரும்பி வாறாள். இவ்வளவு காலமும் வரேல்லை எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றார்.

அதன் பின் ரீச்சர் சொல்ல நான் எழுதி, இந்தப் புனைபெயருக்கு உரியவர் இன்னார் என்று அந்த நூலகத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பினோம். அவர்கள் அதனைப் பதிவிலே சேர்த்துக்கொண்டார்கள். இன்று அண்ணரின் இயற்பெயரை எழுதித் தேடுகின்ற எவருக்கும் அந்தக் கதை கிடைக்கும்.

நேயர்களே, உங்களில் பலருக்கு இவ்வாறான பெயர்கள் தெரியும். உங்கள் தந்தையார் எந்தப் பெயரில் எழுதினார், மேடைப் படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யார், ஊரில் வெளிவந்த கையெழுத்துச் சஞ்சிகையை நடத்தியவர் யார் என்பதெல்லாம் உங்கள் நினைவில் மட்டுமே இருக்கலாம். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். கணனியில் உள்ள கோப்புக்கு வெறும் இலக்கத்தை விட்டுவிடாமல் ஆண்டு, மாதம், இடம், ஆட்கள் என்று பெயரிடுங்கள். தெரிந்ததை நூலகங்களுக்கு ஒரு கடிதமாக எழுதி அனுப்புங்கள். தேடுகிறவர் எழுதும் சொல்லை முன்கூட்டியே அங்கே வைத்துவிடுவது, தெரிந்தவர்களாகிய எங்களால் மட்டுமே ஆகக்கூடிய காரியம்.

தேடுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பூச்சியம் என்று திரை காட்டும்போது, "இந்தச் சொல்லால், இந்த இடத்தில், இன்று கிடைக்கவில்லை" என்று மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "இல்லை" என்று எழுதுவதற்கு இன்னும் நிறையத் தேட வேண்டியிருக்கிறது.